ஓஹேரில் இறங்கியவர்

28 ஜூன் 2004, சிகாகோ

இன்று ஆபீஸில் வேலையே ஓடவில்லை. ஹோசே படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது, அதாவது சொல்லாமல் நழுவிவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நடக்கிற அதே ஓஹேர் விமான நிலையத்தில்தான் 2002 மே 8 அன்று அவரைப் பிடித்தார்கள். புரூக்ளினில் பிறந்த அமெரிக்கர். ஒரு மாதம் கழித்து அட்டர்னி ஜெனரல் (நீதித்துறைத் தலைவர்) ஆஷ்கிராஃப்ட் மாஸ்கோவிலிருந்து டிவியில் தோன்றி, கதிரியக்கக் குண்டு வைக்க வந்த ஆள் என்றார். அன்று எனக்கும் அடிவயிறு கலங்கியது, இல்லை என்றால் பொய். அதற்கு முந்தின நாளே புஷ் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, அவரை 'எதிரிப் போராளி' ஆக்கி, நியூயார்க்கிலிருந்து தென் கரோலினா கடற்படைச் சிறைக்கு அனுப்பியாயிற்று. குற்றப்பத்திரிகை கிடையாது. இந்த மார்ச் வரை வக்கீலைப் பார்க்கவும் விடவில்லை. இப்போது 5-க்கு 4 என்று சொல்கிறார்கள்: ஆட்கொணர்வு மனுவை நியூயார்க்கில் போட்டது தப்பு, தென் கரோலினாவில் போடுங்கள். பின்கோடு சரியில்லை என்று இரண்டு வருடம் கழித்துக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிற மாதிரி.

29 ஜூன் 2004

நேற்றே வந்த இன்னொரு தீர்ப்பு யாசர் ஹம்தியுடையது. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர், ஆப்கானிஸ்தானில் பிடிபட்டவர். நடுநிலையான ஒருவர் முன்னால் மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்பு தரவேண்டுமாம். போர் என்பது அதிபருக்குக் கொடுத்த வெற்றுக் காசோலை அல்ல என்று நீதிபதி ஓ'கானர் எழுதியதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்குப் பிடித்ததோ இன்னொரு நீதிபதி ஸ்காலியா எழுதியது (அவரை மெச்சுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை). குடிமகன் மேல் சந்தேகமா, தேசத்துரோக வழக்குப் போடு. முடியாதா, இங்கத்து நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைக்கட்டும். அதுவும் இல்லையா, ஆளை விடு.

ராத்திரி நண்பர் போனில், "அப்போ அந்தப் படில்லா நல்லவன்னு சொல்றியா?" என்றார். நல்லவரா கெட்டவரா என்று நான் எங்கே சொன்னேன், அதை யார் முடிவு செய்வது என்றுதானே கேட்கிறேன். நம்மூர் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் வைகோவை 19 மாதம் உள்ளே வைத்தார்கள்தான். ஆனால் அங்கே நீதிமன்றம் என்று ஒன்றாவது கண்ணில் பட்டது.

22 நவம்பர் 2005

மூன்றரை வருடம் கழித்து படில்லா மேல் மியாமியில் குற்றப்பத்திரிகை. வெளிநாட்டில் கொலை, ஆள்கடத்தலுக்குச் சதி. இரண்டு முறை படித்துப் பார்த்தேன், குண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உச்ச நீதிமன்றம் மறுபடி கையில் எடுப்பதற்குள் ஆளை இடம் மாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் படுகிறது.

4 டிசம்பர் 2006

பேப்பரில் படம் வந்திருக்கிறது. கடற்படைச் சிறையில் இருந்தபோது ரூட் கேனால் சிகிச்சைக்கு அவரைக் கூட்டிப்போகிறார்கள். விலங்கு, இருட்டடித்த கண்ணாடி, காதை அடைக்கும் கருவி, சுற்றிலும் ஹெல்மெட் போட்ட காவலர்கள். பல் டாக்டரிடம் போகிற வழியை அந்த மனுஷன் பார்த்துவிட்டால்தான் என்ன?

16 ஆகஸ்ட் 2007

ஜூரி ஒன்றரை நாளில் குற்றவாளி என்றுவிட்டது. முக்கியச் சான்று, அவருடைய கைரேகை பதிந்த ஒரு படிவம், அல்-கொய்தா பயிற்சி முகாமில் சேருவதற்கானது. சரி, நிரப்பியிருக்கலாம், முகாமுக்கும் போயிருக்கலாம். ஜூரி முன்னால் வைக்க ஒன்றரை நாள் விஷயம்தான் என்றால் அதற்கு முன் இத்தனை வருடம் எதற்கு?

எனக்குக் குடியுரிமை நேர்காணல் வருகிறது. படித்து வரச்சொன்ன 100 கேள்விகளில் ஒன்று: அரசமைப்புச் சட்டம் யாருடைய உரிமைகளுக்கு உத்தரவாதம் தருகிறது? குடிமக்கள், அல்லாதவர்கள் என்று இங்கே வாழும் எல்லோருக்கும். மனைவி கேட்கக் கேட்க டக்கென்று சொல்லிவிட்டேன். சரியான விடை.

22 ஜனவரி 2008

17 வருடம் 4 மாதம். ஆயுள் கேட்டது அரசுத் தரப்பு. ராணுவக் காவலில் அவரை வைத்திருந்த விதத்தையும் பார்த்துத்தான் குறைத்ததாக நீதிபதி மார்சியா குக் சொல்லியிருக்கிறார். விரல்விட்டு எண்ணினேன், 43 மாதம். தண்டனை கொடுத்த குற்றங்களில் அந்தக் குண்டு இல்லை.