மாடிப்படியின் அடியில் ஒரு வெறுந்தரை

தங்கள் பள்ளி வாழ்க்கையைக் காட்ட மாணவர்கள் எடுத்து வந்த படங்களைப் பிரித்து அடுக்கியபோது நான் ஒதுக்கிவைத்தவற்றுள் ஒன்று, மாடிப்படியின் அடியிலிருந்த வெறுந்தரையின் படம். பாதி இருட்டாகவும் சாய்வாகவும் இருந்த அதைக் கைதவறிப் பதிவானது என்றே எண்ணினேன். அதை எடுத்த மாணவியோ, தன் படங்களுள் பேச விரும்புவது அந்த ஒன்றைப் பற்றித்தான் என்றாள். இடைவேளை முழுவதும் அவள் அங்கேதான் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிவார்கள், ஆனால் ஏன் தனியாக நிற்கிறாய் என்று யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அவள் சொல்லி முடித்த பிறகும் அந்தப் படம் அதே இருட்டோடும் சாய்வோடும்தான் இருந்தது. அதை நான் முன்போல் பார்க்க முடியவில்லை.

பள்ளி வாழ்க்கையை மாணவர்களின் கேமரா வழியாக அறிய முயலும் எவரும் முதலில் விட வேண்டியது, நல்ல படம் எது என்று தமக்குத் தெரியும் என்னும் எண்ணத்தை. இதை எனக்குத் தெளிவாக்கியது, நாடகக் கலைஞர் அகுஸ்தோ போவால் பதிவுசெய்துள்ள ஒரு நிகழ்ச்சி. 1973இல் பெரு நாட்டில் நடந்த எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில், சுரண்டல் என்றால் என்ன என்ற கேள்விக்குப் படத்தால் விடை சொல்லும்படி கேட்டபோது, ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஆணியைப் படமெடுத்து வந்தான். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றச் சிறுவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. காலணி துடைத்துப் பிழைத்த அவர்கள், கனமான பெட்டியைத் தொலைவிலிருந்த வீட்டுக்குத் தினமும் சுமக்க முடியாமல், கடைச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்குப் பிடித்து இரவில் அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் அது வெறும் ஆணியாகவே இருந்திருக்கும்.

1990களில் ஆய்வாளர்கள் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பதிவுசெய்யச் சொன்னதிலிருந்து ஃபோட்டோவாய்ஸ் என்னும் முறை உருவாயிற்று. அதில் ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் ஐந்து கேள்விகள் எழுப்பப்படும்: இங்கே என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, நம் வாழ்க்கையோடு இதற்கு என்ன தொடர்பு, இந்த நிலை ஏன் இருக்கிறது, இதற்கு நாம் என்ன செய்யலாம். பள்ளிகளில் இவற்றை வரிசையாகக் கேட்டால் வாய்மொழித் தேர்வு போல ஆகிவிடுகிறது என்பது என் அனுபவம். ஏன் என்ற கேள்வியைப் பெரியவர் ஒருவர் கேட்டவுடன் மாணவர்கள் சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதையே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழன் கேட்கும்போது விடை வேறு விதமாக வருகிறது. ஆகவே இப்போது மாணவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து ஒருவரையொருவர் கேட்கச் சொல்கிறேன். நான் சற்றுத் தள்ளி அமர்ந்து, அவர்கள் அனுமதித்தால் மட்டும் குறிப்பெடுக்கிறேன்.

தொடக்கத்தில் நான் செய்த இன்னொரு தவறு, படத்தின் கீழே அவர்கள் எழுதியவற்றைத் திருத்தியது. பிழை நீங்கியது, எழுதியவரின் குரலும் அதோடு போய்விட்டது. ஒரு மாணவர் திருத்திய வரிகளைப் படித்துவிட்டு, இது நன்றாக இருக்கிறது, ஆனால் நான் சொன்னது இல்லை என்றார். அதன்பின், அவர்களே கேட்டாலொழிய ஓர் எழுத்தையும் நான் மாற்றுவதில்லை.

ஒப்புதலைப் பற்றி எவ்வளவு கூறினாலும் தகும். 1989இல் ஏற்கப்பட்ட குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆம் பிரிவிலும், அந்தரங்கத்துக்கான உரிமையை 16ஆம் பிரிவிலும் தருகிறது. இந்த இரண்டும் இத்தகைய பணியில் நாள்தோறும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒருவர் தம் கதையைச் சொல்லும்போது அதில் தோழர்களும் ஆசிரியர்களும் வந்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் பெற்றோரும் மாணவரும் இடும் ஒரு கையெழுத்து போதாது. படம் எடுக்கும்போதும், காட்சிக்கு வைக்கும் முன்பும் மறுபடி கேட்க வேண்டும். இணையத்தில் பகிர்வதானால் கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்க வேண்டும். பிறர் முகம் வேண்டாம் என்ற விதியை நான் பாதுகாப்புக்காகவே வைத்தேன்; ஆனால் அதன் பிறகுதான் மாணவர்கள் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். புத்தகப் பையின் அறுந்த வார், மேசையில் கீறப்பட்டு மீண்டும் கீறி அழிக்கப்பட்ட ஒரு பெயர், வகுப்பறை வாசலில் தயங்கி நிற்கும் இரண்டு கால்கள் எல்லாம் படங்களாக வந்தன.

இதற்கு நாம் என்ன செய்யலாம் என்ற ஐந்தாவது கேள்வியைக் கேட்டுவிட்டு, அதன்பின் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அதைக் கேட்காமலே இருப்பது மேல். ஒரு பள்ளியில், ஒருவரோடொருவர் பேசிவைக்காமலே பலர் கழிப்பறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளைப் படமெடுத்திருந்தார்கள். நிர்வாகத்தினர் கண்காட்சியில் அந்தப் படங்களை ஒரே வரிசையில் பார்த்தார்கள். தாழ்ப்பாள் அந்த வாரமே மாற்றப்பட்டது. மாடிப்படியடிக்கு அப்படிப் பழுதுபார்க்க எதுவும் இல்லை. அந்தப் படத்தைக் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டபோது, முந்தைய நாள் வரை சரி என்றிருந்த அந்த மாணவி, வேண்டாம் என்றாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் பிறகு எங்கே நிற்பது என்று கேட்டாள். படத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். இங்கே இதை எழுதலாம் என்பதற்கு மட்டும் அவள் சம்மதித்தாள்.

அடுத்த முறை ஒருவருக்கு ஐந்து படங்களுக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எண்ணிக்கை குறைந்தால், ஒதுக்கிவைக்க நினைக்கும் படத்துக்கும் பேச நேரம் கிடைக்கும்.