வேலை சலிச்சுப் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி எழுதிப் பாருங்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். டேலி, ஜிஎஸ்டி, ஜாப் ஒர்க் பில்லுன்னு எல்லாம் என் தலைலதான். யார் கேட்டாலும் "சலிச்சுப் போச்சுங்க"ன்னு ஒரே பதில் சொல்லிட்டு இருந்தேன். அதுல எது சலிச்சுதுன்னு தெரிஞ்சது ஒரு சாதா நோட்டுலதான்.

ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில பில் பர்னெட், டேவ் எவன்ஸ்னு ரெண்டு பேர் சொல்லித் தர்ற பயிற்சி இது. அன்னிக்கு செஞ்சத எழுதணும், பக்கத்துல ரெண்டு குறி போடணும். எவ்ளோ ஒன்றிப் போய் செஞ்சோம்ங்கறது ஒண்ணு, முடிச்சப்புறம் தெம்பு ஏறுச்சா இறங்குச்சாங்கறது இன்னொண்ணு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், நானும் அப்படித்தான் நெனச்சேன், ஆனா எழுத எழுதத்தான் ரெண்டும் வேற வேற பக்கம் போறது தெரியுது.

எப்படின்னா, 20ஆம் தேதி ஜிஎஸ்டி மாசக் கணக்கு, அதான் 3பி, ஃபைல் பண்ற அன்னிக்கு பக்கத்துல யாரு வந்தாங்க போனாங்கன்னே தெரியாது, அவ்ளோ கவனமா இருப்பேன், ஆனா முடிச்சதும் வண்டி ஓட்டக்கூட உடம்புல தெம்பு இருக்காது. அதே நான் டிசி, அதான் டெலிவரி சலான், வாங்க செக்கிங் செக்ஷன் வரைக்கும் நடந்து போயிட்டு, அங்க இருக்கற அக்காங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தேன்னா, மூளைக்கு ஒரு வேலையும் இல்ல, ஆனா திரும்பி வர்றப்போ ஆள் புதுசா இருக்கேன்.

ரெண்டும் சேந்து ஏறுற வேலை எதுன்னு பாத்தா சிரிப்புத்தான் வந்துச்சு. மாசாமாசம் 14ஆம் தேதி 2பி, அதான் நமக்கு பில்லு போட்டவங்க ஜிஎஸ்டில ஏத்துன பில்லுங்களோட லிஸ்ட், வந்ததும் அதையும் நம்ம பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் எக்செல்ல போட்டு பில்லு பில்லா பொருத்திப் பாக்கறது! டையிங்காரங்க இன்வாய்ஸ் நம்பர்ல ஒரு சைபர விட்டிருப்பாங்க, துணிய ஃபினிஷிங் பண்ணித் தர்ற காம்பேக்டிங்காரங்க போன மாச பில்ல இந்த மாசம் ஏத்திருப்பாங்க, அதக் கண்டுபிடிக்கறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, இதெல்லாம் வெளிய சொன்னா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க. சரி, அப்போ எது என்னைய கொல்லுது? அந்தத் தப்ப சரி பண்ணச் சொல்லி போன் போடறது. "நாளைக்கு கண்டிப்பா அனுப்பிடறேனுங்க மேடம்". அந்த நாளைக்கு வரவே வராது. நோட்டுல தெம்பு இறங்குன இடத்துல எல்லாம் பாதிக்கு மேல இந்த போன்தான். ஒரே வேலையோட ரெண்டு பாதி, இத்தன வருஷமா ரெண்டையும் சேத்து "அக்கவுண்ட்ஸ்"னு ஒரே பேர் வச்சு திட்டிட்டு இருந்திருக்கேன்.

அதனாலதான் "ஆபீஸ் வேலை"ன்னு மொத்தமா எழுதாதீங்க. எங்க உக்காந்து செஞ்சீங்க, கூட யாரு, கைல என்ன இருந்துச்சு, இவ்ளோ விவரம் இருந்தாத்தான் பிரயோஜனம். அன்னன்னிக்கே எழுதிடணும், வாரக் கடைசில யோசிச்சு எழுதுனா எது புடிக்கணும்னு நெனைக்கறமோ அதத்தான் எழுதுவோம்.

பொருளாதாரத்துக்கு 2002ல நோபல் வாங்குன டேனியல் கானேமனும் அவர்கூட இருந்தவங்களும் டெக்சஸ்ல வேலைக்குப் போற 909 பொம்பளைங்கள முந்துன நாள துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் மனசு எப்படி இருந்துச்சுன்னு எழுதச் சொன்னாங்க, 2004ல வந்த ஆய்வு. வேலைக்குப் போற வழிப்பயணம் அடில கெடந்ததுல ஆச்சரியமில்ல, ஆனா புள்ளைங்களப் பாத்துக்கறது டிவி பாக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் கீழ வந்துச்சு. நேரா கேட்டா எந்த அம்மாவாவது சொல்லுவாளா? என் நோட்டுலயும் பையனுக்கு ஹோம்ஒர்க் சொல்லித் தர்ற நேரம் எங்க இருக்குன்னு இங்க எழுத மாட்டேன், பெரியவனானதும் படிச்சுத் தொலைப்பான்.

இன்னொண்ணு, சிக்சென்ட்மிஹாய்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர், சிகாகோல வேலை பாக்கறவங்ககிட்ட பேஜரக் கொடுத்து, பீப் அடிக்கறப்போல்லாம் என்ன பண்றீங்க, எப்படி இருக்குன்னு எழுத வச்சார். 1989ல வந்த முடிவு என்னன்னா, ஜனங்க ஓய்வுல இருக்கறத விட வேலைலதான் அதிகமா மூழ்கியிருக்காங்க, ஆனா அதே வேலை நேரத்துல "வேற ஏதாவது பண்ணிட்டு இருந்தா தேவல"ன்னும் எழுதியிருக்காங்க. படிச்சப்போ என்னையப் பத்தி எழுதுன மாதிரியே இருந்துச்சு. ராத்திரி போன்ல ரீல்ஸ் பாக்கற நேரத்துக்கு என் நோட்டுல ரெண்டு குறியும் கீழதான், ஆனாலும் தினமும் அதுக்குத்தான் ஓடறேன்.

இப்போதைக்கு பண்ணது இவ்ளோதான். பார்ட்டிகளுக்கு போன் போடறத செவ்வாக்கெழம காலைல மட்டும்னு ஒதுக்கிட்டேன். பர்ச்சேஸ்ல ஒரு தம்பி இருக்கான், போன்ல யாரையும் பேசியே வழிக்குக் கொண்டு வந்துடுவான், அவன்கிட்ட இத மாத்தி விட்டுட்டு அவனோட பில் என்ட்ரிய நான் எடுத்துக்கறேன்னு முதலாளிகிட்ட கேட்டேன். "மார்ச் முடியட்டும்மா, பாக்கலாம்"னாரு. அவன் சரின்னுட்டான், ஒரு கண்டிஷன், அவனுக்கு எக்செல்ல வீலுக்கப் ஃபார்முலா சொல்லித் தரணுமாம்.