ஜாம் போத்தல் விளக்கு

31 மார்ச் 2022, வெள்ளவத்தை, கொழும்பு

நாட்டில் பொருளாதார நெருக்கடி, இன்று 13 மணித்தியால மின்வெட்டு. அம்மா பழைய ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரியைக் கோத்து ஒரு விளக்குச் செய்தார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்தபோது வீட்டுக்கு வீடு இருந்த விளக்கு. அப்போது பெற்றோலில் நாலு சொட்டு விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கீழ்வீட்டுச் சிங்கள அக்கா வந்து செய்முறை கேட்டுப் போனார்.

இரவு மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபயவின் வீட்டுக்கு முன்னால் சனம் திரண்டுவிட்டது.

3 ஏப்ரல்

ஊரடங்கு. முகநூல், வட்ஸ்அப் எல்லாம் முடக்கம். மத்தியானத்துக்குப் பிறகு வந்துவிட்டன, கோபம் இரண்டு மடங்காகி.

9 ஏப்ரல்

காலிமுகத்திடலுக்குப் போனேன். இத்தனை குடும்பங்களை, அதுவும் முதல் தடவையாகப் போராட்டத்துக்கு வந்தவர்களை, நான் பார்த்ததில்லை. பால்மாவுக்கு அலைந்த தாய், இரவு முழுக்க பெற்றோல் செட்டில் ஆட்டோவுக்குள் படுத்த மனிதர், 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்ததில் விளைச்சல் போன கமக்காரரின் மகன். எல்லோர் வாயிலும் ஒன்றுதான்: களவெடுத்த காசைத் திருப்பிக் கொடு.

அது சரி. ஆனால் 2019 கடைசியில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்களே, அதைக் கண்டித்து ஒரு பதாகையையும் காணவில்லை. திறைசேரி காலியானதற்கு அதுவும் ஒரு காரணம். அன்று நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம், நான் உட்பட. கீழ்வீட்டு அண்ணா, கோட்டாபயவுக்கு வாக்களித்த 69 இலட்சத்தில் தானும் ஒருவர் என்று சிரித்தபடி சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

18 மே

காலிமுகத்திடலில், 2009 போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு விளக்கு ஏற்றினார்கள், கஞ்சியும் கொடுத்தார்கள். கொழும்பில், நட்டநடுவில்! அழுகை வந்தது, அப்புறம் எரிச்சலும் வந்தது: காஸ் சிலிண்டருக்குத் தட்டுப்பாடு வராமல் இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் இங்கே நின்றிருப்பார்கள்? இப்படி நினைப்பது நியாயமா என்று இரவு முழுக்க யோசித்தேன். கஞ்சி வாங்கிக் குடித்த பெடியன்களுக்கு 2009இல் ஏழெட்டு வயது இருந்திருக்கும், அவர்களிடம் போய் என்ன கணக்குக் கேட்பது.

10 ஜூலை

நேற்று ஜனாதிபதி மாளிகை சனத்தின் கையில் விழுந்தது. இன்று அதைச் சுற்றிப் பார்க்கக் குடும்பம் குடும்பமாய் நிற்கிறார்கள், அதற்கும் வரிசை! கீழ்வீட்டு அக்கா புட்டும் கட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட வந்தார். அம்மா போகவில்லை. "கிளிநொச்சியில் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் 2017இலிருந்து தெருவில் இருக்கினம், அங்கே ஒருநாள் போவமா?" என்று கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பெற்றோல் கிடைத்தால் போவோம் என்றார்.