தேதி எழுதாத பாட்டில்

"நீங்க கரைசலைப் பாக்கீங்க அண்ணா, நான் மீனைப் பாக்கேன்." எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் குளச்சலில் இருந்து ஐஸ் பெட்டியில் சாளை மீனோடு வந்து நின்ற ஆராய்ச்சி மாணவி சொன்னது. மாதங்கள் ஆகியும் அது மனதை விட்டுப் போகவில்லை.

ஃப்ரிட்ஜில், திசு கெடாமல் பதப்படுத்தும் பாராஃபார்மால்டிஹைடு கரைசல் ஒரு பாட்டில் இருந்தது. 4% என்று மட்டும் எழுதியிருந்தது, தேதி இல்லை, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மீன் குடலை இன்றைக்கு மட்டும் இதில் போட்டுக்கொள்கிறேன் என்றாள். முடியாது மக்களே என்று சொல்லி, அவள் கண்முன்னேயே கழிவுக் கேனில் ஊற்றினேன்.

நான் சொன்னதில் தப்பில்லை. வெள்ளையாகப் படிந்தால் அது 4% என்று நம்ப முடியாது. நாளாக ஆக ஃபார்மிக் அமிலம் உண்டாகி பிஹெச் இறங்கும், அதாவது அமிலத்தன்மை கூடும், ரத்தம் அதிகமுள்ள திசுவில் பழுப்பு நிறமி படியும். அப்புறம் ஸ்லைடில் தெரிவது மீனுடையதா கரைசலுடையதா என்று யார் சொல்வது?

ஆனால் புதிதாகச் செய்ய நேரம் பிடிக்கும். பாராஃபார்மால்டிஹைடு தூளை 60 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் போட்டால் கரையாமல் பால் மாதிரி கலங்கி நிற்கும், சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், திடீரென்று ஒரு சொட்டில் தெளிந்துவிடும். பிறகு பிஹெச்சை நிலையாக வைக்கும் பாஸ்பேட் பஃபர், ஆறவைத்தல், வடிகட்டுதல், பிஹெச் 7.4. அவசரத்துக்குச் சூட்டை ஏற்றவும் முடியாது, நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் ஃபியூம் ஹூடை விட்டு வெளியே எடுக்கவும் முடியாது. இதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-லேயே உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. கடையில் தயாராக வாங்கும் ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலினைக் கலந்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் அதில் மெத்தனால் உண்டு, அவளுடைய செய்முறைக்கு அது ஆகாது.

அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. மீன் செத்ததும் குடலின் செரிமான நொதிகள் குடலையே அரிக்கத் தொடங்கும், ஐஸ் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. நான் பிஹெச் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்லைடில், குடலின் உள்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனி சில இடங்களில் உதிர்ந்திருந்தது. நான் காக்கவைத்த நேரத்தாலா, வலையில் செத்துக் கிடந்த நேரத்தாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. பழைய கரைசலில் போட்டிருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒரு துண்டுகூடப் போடவில்லையே.

இப்போதெல்லாம் அவள் குளச்சலில் பஸ் ஏறும்போதே போன் செய்துவிடுகிறாள், நானும் உடனே தண்ணீரைச் சூடாக்கிவிடுகிறேன். சரி, அது ஓடுகிறது. தேதி இல்லாத பாட்டில் இனியும் கண்ணில் பட்டால் கொட்டத்தான் செய்வேன். ஆனால் எதிரே ஒருவர் ஐஸ் பெட்டியோடு நின்றால் அன்றைக்கு மாதிரி உடனே கை போகுமா என்று தெரியவில்லை.