திங்கட்கிழமை எந்த ஸ்பூல்?

“எல்லாம் சரி சார், திங்கட்கிழமை காலையில நான் எந்த ஸ்பூலைத் தூக்கணும்னு இது சொல்லுமா?”

திட்ட அட்டவணை போடும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கடைசிக் கூட்டத்தில் பைப்பிங் சூப்பர்வைசர் கேட்டார். ஸ்பூல் என்பது முன்கூட்டியே வெட்டி வெல்டு செய்து வைக்கும் குழாய்த் துண்டு. “அது லெவல் ஃபைவ் அண்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று பிளானிங் பக்கமிருந்து பதில் போனது. அட்டவணையின் மிக நுணுக்கமான, அன்றாட வேலை அடுக்கான லெவல் ஃபைவ் என்பது உண்மைதான். அந்த ‘அப்புறம்’தான் இன்னும் உறுத்துகிறது.

தேர்ந்தெடுத்தது பிரிமவேரா பி6. தேர்வில் பிழை என்று இப்போதும் தோன்றவில்லை. மாதாமாதம் அட்டவணையை பி6-இன் வடிவமான எக்ஸ்.இ.ஆர். கோப்பாகத் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அங்கேயே பாதி முடிவு ஆகிவிட்டது. மீதிப் பாதிக்கும் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஸ்பூல்களைச் செய்யும் பைப் ஃபேப்ரிகேஷன் 60 நாள் என்று வையுங்கள். அது தொடங்கி 15 நாளில் ஸ்பூலைத் தூக்கிப் பொருத்தும் எரெக்‌ஷன் தொடங்கலாம். ஆனால் ஃபேப்ரிகேஷன் முடிந்து 10 நாளாவது ஆகாமல் எரெக்‌ஷன் முடியாது. ஆக, ஒரே இரண்டு வேலைகளுக்கு நடுவே இரண்டு இணைப்பு வேண்டும். பிரிமவேரா பி6 இதை ஏற்கும். இன்னொரு அட்டவணை மென்பொருளான எம்.எஸ். ப்ராஜெக்ட் இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரே ஒரு இணைப்பைத்தான் அனுமதிக்கும். கோப்பை அங்கே மாற்றினால் ஒன்று காணாமல் போகும். முடிவுத் தேதி அழகாக முன்னே வந்து நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

எந்தத் தேதி வரை முன்னேற்றம் பதிவானது என்று காட்டும் டேட்டா டேட் இன்னொன்று. பி6-இல் அட்டவணையை மறுகணக்கிடும் எஃப்9 விசையைத் தட்டினால் மீதி வேலை முழுவதும் அந்தத் தேதிக்கு அப்பால் தள்ளப்படும். எம்.எஸ். ப்ராஜெக்ட்டில் நாமாகச் சொல்லித் தள்ளாவிட்டால், போன மாதம் செய்யாத வேலை போன மாதத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

பி6-க்கும் தனிக் குணங்கள் உண்டு. அது கால அளவை மணிக்கணக்கில்தான் சேமிக்கிறது. சைட் காலண்டர் 10 மணி நேரம், திரையில் நாளாக மாற்றும் கணக்கு 8 மணி நேரம் என்று இருந்தால், 10 நாள் வேலை 12.5 நாள் என்று தெரியும். கான்கிரீட் இறுகக் காத்திருக்கும் கியூரிங்கை லேகாக, அதாவது இரண்டு வேலைகளுக்கு நடுவே விடும் இடைவெளியாகப் போடுவது இன்னொரு குழி. அமைப்பை மாற்றாதவரை லேக் முந்தைய வேலையின் காலண்டரில் ஓடும். வாரம் ஆறு நாள் காலண்டரில் 7 நாள் கியூரிங் 8 நாளாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட்டுக்கு விடுமுறை! ஏழு நாள் காலண்டரில் கியூரிங்கைத் தனி ஆக்டிவிட்டியாக, அதாவது தனி வேலை வரியாகப் போடுவதே நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கான அக்டோபர்–டிசம்பர் காலண்டரை மண்வேலை, அஸ்திவாரம் மாதிரியானவற்றோடு நிறுத்த வேண்டும். பொதுக் காலண்டரில் சேர்த்தால் கூரைக்கடியில் நடக்கும் ஃபேப்ரிகேஷனும் மழையில் நனையும். வரிசை தப்பி நடந்த வேலைக்கு ரிடெயிண்ட் லாஜிக்கா (மீதி வேலை முந்தைய வேலை முடியக் காத்திருக்கும்), புரோக்ரஸ் ஓவர்ரைடா (காத்திருக்காமல் தொடரும்) என்பதை முதலிலேயே எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். ஒரே கிளிக்கில் முடிவுத் தேதி வாரக்கணக்கில் நகரும்.

விற்பனையாளர் காட்டும் 200 ஆக்டிவிட்டி மாதிரியில் இவை எதுவும் தெரியாது. முடிந்துபோன பழைய திட்டம் ஒன்றின் கோப்பைக் கொடுத்து, மூன்று மாத அப்டேட்டை நம் கண்முன்னே செய்யச் சொல்ல வேண்டும். அதையும் செய்தோம். இவ்வளவும் செய்துவிட்டு அந்தக் கேள்விக்கு ‘அப்புறம்’.

எட்டாவது மாதம் வெல்டிங் 85 சதவீதம், முன்னேற்றம் காட்டும் எஸ்-கர்வ் வரைகோடு நேர்த்தி. தண்ணீர் ஏற்றி அழுத்தம் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்ட்டுக்குத் தயாரான டெஸ்ட் பேக்குகளோ (ஒன்றாகச் சோதிக்கும் குழாய்த் தொகுப்புகள்) விரல்விட்டு எண்ணும் அளவு. காரணம் மென்பொருளில் இல்லை, அளவுகோலில். வெல்டிங்கை இன்ச் டயாவில், அதாவது குழாயின் விட்ட அளவைக் கூட்டி எண்ணுகிறோம். 24 இன்ச் ஜாயின்ட் ஒன்று முடித்தால் 24, 2 இன்ச் முடித்தால் 2. சின்ன ஜாயின்ட்டுக்கும் சாரம் கட்ட வேண்டும், முனைகளைச் சேர்த்து ஃபிட்டப் செய்ய வேண்டும், இன்ஸ்பெக்டர் வர வேண்டும். எந்த கான்ட்ராக்டரும் பெரிய லைனுக்குத்தான் போவார். கடைசியில் தண்ணீர் வடிக்கும் டிரெய்ன், காற்று வெளியேற்றும் வென்ட் என்று 2 இன்ச் ஜாயின்ட்டுகள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும். அவை முடியாமல் லைனை மூடித் தண்ணீர் ஏற்ற முடியாது.

போதாக்குறைக்கு அட்டவணை ஏரியா வாரியாக இருந்தது. ஒரு டெஸ்ட் பேக் இரண்டு மூன்று ஏரியாவைத் தாண்டி ஓடும். சிஸ்டம், டெஸ்ட் பேக் இரண்டுக்கும் ஆக்டிவிட்டி கோடு (வகைப்படுத்தும் குறியீடு) வைக்க பி6-இல் இடம் உண்டு. பைப்பிங் வரிகளில் அது காலியாகவே கிடந்தது. நிரப்பாதது யார் குற்றம்? மென்பொருளின் குற்றமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். சூப்பர்வைசரின் கேள்வியை மதித்திருந்தால் அந்தக் காலி இடம் முதல் வாரமே கண்ணில் பட்டிருக்கும் என்பதும் உண்மை.

11,000 ஸ்பூலையும் ஆக்டிவிட்டியாகப் போட்டிருக்க முடியுமா என்றால், முடியாது. வாராவாரம் அப்டேட் செய்யவே ஒரு படை வேண்டும். ஒரு குழுவுக்கு ஒன்றிரண்டு வாரம் வரும் வேலைப் பொட்டலத்தோடு பி6 நிற்க வேண்டும். அதற்குக் கீழே ஐசோமெட்ரிக் (குழாய் வரைபடம்) எண், ஸ்பூல் எண், டெஸ்ட் பேக் எண் என்று தனித் தரவுத்தளம், இரண்டுக்கும் பொதுவான ஒரு குறியீடு. அந்த இடத்தில் எங்களிடம் இருந்தது சூப்பர்வைசரின் எக்செல். ஸ்பூல் யார்டுக்கு வந்தால் மஞ்சள். கேஸ்கெட், ஸ்டட் போல்ட், வால்வு எல்லாம் சேர்ந்தால் பச்சை. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் பார்த்தது அதைத்தான், பிளானிங் ஆட்களும் சேர்த்து.

தனியாக ஒரு ஸ்பூல் டிராக்கிங் மென்பொருள் வாங்கியிருந்தால் தீர்ந்திருக்குமா? தெளிவாகச் சொல்ல முடியவில்லை. லைசென்ஸ் எண்ணிக்கையைப் போட்டபோது பிளானர்களை எண்ணினோம், பதிவு போட வேண்டிய ஸ்டோர் பையனை எண்ணவில்லை. அவர் கான்ட்ராக்ட் ஆள், அவருக்கு லாகின் கிடையாது. எது வாங்கியிருந்தாலும் பச்சை நிறம் அந்த எக்செல்லில்தான் ஏறியிருக்கும் போல.

அடுத்த திட்டத்துக்கான மதிப்பீட்டுத் தாளில் சூப்பர்வைசரின் கேள்வி ஒரு வரியாகச் சேர்ந்தது. விலைப்புள்ளி கொடுத்த எல்லா விற்பனையாளர்களும் ‘ஆம்’ என்று எழுதியிருந்தார்கள். இருவர் மட்டும் ‘கஸ்டமைசேஷன் தேவைப்படும்’ என்று கீழே சின்னதாகக் குறித்திருந்தார்கள். அந்தக் குறிப்புக்கு மதிப்பெண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்று அரை மணி நேரம் பேசியும் முடிவாகவில்லை.