பேட்டரி, ஆர்ஆர் யூனிட், கார்ப்: மாற்றச் சொன்ன எதிலும் கோளாறு இல்லை

பழைய வண்டி வாங்கி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்ஃப் எடுக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் கொண்டு நிறுத்தியதும், மீட்டர் வைத்துப் பார்க்காமலே "பேட்டரி போச்சு" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். எனக்குப் போனது போனதுதான், உங்களுக்காவது மிஞ்சட்டும்.

வண்டி 150 சிசி பைக், 2014 மாடல், கார்ப்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம், சுருக்கமாக கார்ப்) வகை. முட்டம் பக்கத்தில் ஒருவரிடம் வாங்கியது. புதுப் பெயிண்ட், புது சீட் கவர் என்று பளபளத்தது. "நல்ல வண்டியாக்கும், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்றார். படிவம் 29, 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்ததால் ஆர்.சி. பெயர் மாற்றம் தொல்லையில்லாமல் முடிந்தது. தொல்லையெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரே சமயத்தில் இரண்டு கோளாறு. காலையில் செல்ஃப் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடும்போது பிரேக் மிதித்தால் ஹெட்லைட் மங்கும், இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் தொண்டை கட்டிக்கொள்ளும். இது கரண்ட் சமாச்சாரம். இன்னொன்று ஆக்சிலேட்டர். எஞ்சின் சூடேறியதும் கையை விட்டாலும் ரேஸ் இறங்காது. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு வரும் வழியில், வில்லுக்குறி நெரிசலில் கிளட்சைப் பிடித்தபடி நிற்கிறேன், எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் அலறுகிறது. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, யாருகூட போட்டி?" என்று கேட்டார்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் கேட்ட உடனே பேட்டரி என்றார்கள். 9 ஆம்பியர் பேட்டரி புதிதாக வந்தது, பழையது எக்ஸ்சேஞ்சில் போனது. கொஞ்ச நாள் செல்ஃப் ஜோராக எடுத்தது, அப்புறம் மறுபடியும் 'டிக்'. திரும்பப் போனால், "ஜூன் மழையில்லா, ஒயரிங்குக்குள்ள தண்ணி போயிருக்கும்" என்றார்கள். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். மழையைக் குற்றம் சொன்னால் வருடத்தில் பாதி நாளுக்குக் காரணம் தயார். அடுத்து, பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை என்று கண்டுபிடித்து, ஆர்ஆர் யூனிட் (எஞ்சினில் உற்பத்தியாகும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, அளவோடு அனுப்பும் பாகம்) வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கி மாட்டினோம். எந்த மாற்றமும் இல்லை. ஸ்பேர் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால், கல்லாவுக்கு மேலே தொங்கிய போர்டைக் கடைக்காரர் கையால் காட்டினார்: 'எலக்ட்ரிக்கல் பொருட்கள் ரிட்டர்ன் கிடையாது'. அந்த போர்டு எல்லாக் கடையிலும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக்சிலேட்டருக்கு அவர்கள் செய்த வைத்தியம், ஐட்லிங் ஸ்க்ரூவை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூ) குறைத்தது. சூட்டில் ரேஸ் குறைந்தது உண்மைதான். ஆனால் காலையில் குளிர்ந்த எஞ்சின் ஓடி நிலைக்கவே இல்லை, ஸ்டார்ட் ஆகிய வேகத்தில் அணைந்தது. "கார்ப் தேய்ஞ்சு போச்சு, புதுசு போடணும்" என்றார்கள். அந்த விலையைக் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கள்சந்தையில் வயதான ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு பெட்டிக்கடை அளவுதான் இடம். அவர் எதையும் கழற்றவில்லை, மல்டிமீட்டரை மட்டும் எடுத்தார். அவர் செய்ததை விவரமாக எழுதுகிறேன், 400 ரூபாய் மீட்டர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

ஆஃப் செய்து வைத்த வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தால் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் மேல் சந்தேகம். என் வண்டியில் ரேஸ் கொடுத்தும் 12.8-தான். முந்தைய ஒர்க்‌ஷாப் இதோடு நிறுத்திவிட்டு ஆர்ஆர் யூனிட்டை மாற்றச் சொன்னது. இவர் நிறுத்தவில்லை. ஆர்ஆர் யூனிட்டிலிருந்து வெளியே வரும் இடத்திலேயே மீட்டரை வைத்தார். அங்கே 14.3. "உற்பத்தி நல்லாத்தான் இருக்கு மக்கா, நடுவில ஒருத்தன் ஒன்றரை வோல்ட்டைத் திங்கிறான்" என்றார்.

ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்தார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1.4 வோல்ட். செல்ஃப் அழுத்தினால் அது இன்னும் எகிறியது. எர்த் ஒயர்! (பேட்டரி நெகட்டிவை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் ஒயர்.) அது சேஸிஸில் போல்ட் அடிக்கும் இடத்தைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் கடல் காற்று தந்த பச்சைப் பொடி, மறு பக்கம் விற்பதற்காக அடித்த புதுப் பெயிண்ட். பெயிண்ட் மேலேயே ஒயரை வைத்து போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். எந்தப் பளபளப்பைப் பார்த்து வாங்கினேனோ அதுவே கரண்டை மறித்துக்கொண்டு இருந்திருக்கிறது. உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினார். பேட்டரியில் 14.1 வந்தது. செல்ஃப் ஒரே தட்டில் எடுத்தது. ஒரு காபிக்கும் ஒரு பருப்பு வடைக்கும் மேலாக அவர் வாங்கிய கூலி அதிகமில்லை.

"விட்டுராத, இன்னும் ஒண்ணு பாப்போம்" என்று நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்தார். சாவி ஆஃப்பில் 60 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. முந்தைய ஓனர் மாட்டிய திருட்டு அலாரம். கணக்குப் போட்டால், முழு சார்ஜில் உள்ள 9 ஆம்பியர் பேட்டரியை ஆறே நாளில் காலி செய்துவிடும். வெட்டி எறிந்தோம். இந்தச் சோதனையின்போது தவறியும் செல்ஃபை அழுத்தாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கார்ப் பக்கம் அவர் வரவில்லை. "அது என் வேலையில்ல. ஆனா கார்பை மாத்துறதுக்கு முன்னாடி ரப்பரைப் பாரு" என்றார். கார்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைச் சொன்னார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, கழற்றி வளைத்ததும் அடிப்பக்கத்தில் விரிசல் வாய் பிளந்தது. அது வழியாக உள்ளே போகும் கூடுதல் காற்றுதான் ரேஸை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது. சூட்டில் ரப்பர் இளகி விரிசல் திறந்தால் அலறும். குளிரில் மூடிக்கொண்டால் சாது. ஐட்லிங் ஓடும்போது ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே அடித்தாலே எஞ்சின் சத்தம் மாறும், அதுதான் அடையாளம். சிலர் பெட்ரோல் அடிப்பார்கள், சூடான எஞ்சினில் அந்த வேலை வேண்டாம். ரப்பர் மார்த்தாண்டத்தில் கிடைத்தது, புது கார்ப்பின் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.

அப்படியும் ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் ரேஸ் லேசாக ஏறியது. உயரமான ஹேண்டில்பார் மாற்றியவர்கள் ஆக்சிலேட்டர் கேபிளை இறுக்கமான வழியில் கொண்டுபோயிருந்தார்கள். வழியை மாற்றி, கிரிப்பில் 2, 3 மில்லிமீட்டர் லூஸ் விட்டதும் சரியாகிவிட்டது. ஐட்லிங் ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

வாங்கப் போகிறவர்கள் இதையெல்லாம் விற்பவர் வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சும்மா பேச்சுக் கொடுத்து ஆறவிடுங்கள். ஐட்லிங்கில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். லைட், பிரேக், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். சீட்டைத் தூக்கியதும் புத்தம் புது இன்சுலேஷன் டேப் கண்ணில் பட்டால் ஒயரிங்கில் கை வைத்திருக்கிறார்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடற்கரை ஊர் வண்டி என்றால் எர்த் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பெட்ரோல் மீட்டர் மட்டும் இன்னும் பாதி டேங்க் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு டேங்கைக் கழற்றி மிதவையைப் பார்க்க வேண்டும். மழை விடட்டும்.