பாப்பாவுக்கு முறுக்கு நீட்டாதீர்கள்

கோயில் திருவிழாவுக்கு அக்கா மகள் வருகிறாள். தயவுசெய்து முறுக்கு நீட்டாதீர்கள். அவளுக்கு இருப்பது எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற தோல் நோய், அதிலும் டிஸ்ட்ரோபிக் வகை. மேல்தோலைக் கீழடுக்கோடு பிடித்துவைக்கும் ஏழாம் வகை கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாவதில்லை, உரசினாலே கொப்புளம். வெளியே மட்டுமா? உணவுக்குழாயிலும் வரும். அது ஆறித் தழும்பாகி வழி குறுகிவிடும், அப்புறம் பலூன் வைத்து விரிக்க வேண்டும். மொகிங்கா என்ற பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்பைக்கூட ஆறவைத்து, நூடுல்ஸை நசுக்கித்தான் சாப்பிடுகிறாள்.

யாங்கோன் சொந்தங்களே, இது மரபணுக் கோளாறு. அம்மை இல்லை, தொற்றாது. பெரியம்மா, வேப்பிலை அரைத்துக்கொண்டு வராதீர்கள்! புண்ணில் பூசும் மரபணு ஜெல்லுக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி கொடுத்தது. விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். கன்னத்தைக் கிள்ளாமல் கதை சொல்லுங்கள். பேய்க்கதை என்றால் அவளுக்கு உயிர்.